ஜாய்னிங் தேதி வரும்வரை: படிப்பு முடிந்த பெண்ணுக்கு அந்த மாதங்களில் இருக்கும் வேலைகள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் மே மாதம் பி.இ. முடித்துவிட்டீர்கள். கேம்பஸில் கிடைத்த ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, ஆண்டுக்கு 3.6 லட்சம், வேலை சென்னை ஓ.எம்.ஆரில். சேரும் தேதி மட்டும் வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணாகிவிட்டீர்கள். இந்த மாதங்களை எப்படிக் கழிப்பது, சென்னைக்குக் கிளம்பும் முன் எதையெல்லாம் முடிப்பது?

சேரும் தேதி உங்கள் கையில் இல்லை. ஆனால் அதற்கு முன் முடிக்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் பெயர், அடுத்து சான்றிதழ், அடுத்து பணக்கணக்கு, கடைசியில் தங்குமிடம். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். நாள் முழுக்க வீட்டு வேலையில் கரைந்து போகாமல் பார்த்துக்கொள்வதும் இதில் ஒரு வேலைதான்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவங்களோ குடும்பப்பெயர் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கௌசல்யா எம்' என்று இருக்கும். ஆதாரில் வெறும் 'கௌசல்யா' இருக்கும். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அங்கே ஒற்றை எழுத்தை ஏற்காது, ஆகவே அப்பா பெயரை விரித்து 'கௌசல்யா முருகன்' ஆகிவிடும். வங்கிக் கணக்கில் 'எம் கௌசல்யா'. நான்கும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வருங்கால வைப்பு நிதிக்கான (பி.எஃப்.) யு.ஏ.என். எண் ஆதாரில் இருக்கும் பெயரில்தான் உருவாகும். வங்கிப் பெயர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் இன்று ஒன்றும் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பி வரும்.

எனவே முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். அப்பா பெயரை விரித்து எழுதுவதா, இனிஷியலோடு நிறுத்துவதா என்று ஒரு முடிவெடுங்கள். பாஸ்போர்ட், பான் இரண்டையும் கருதினால் விரித்து எழுதுவதே பின்னால் தொல்லை குறைவு. படிப்புச் சான்றிதழ்களில் இனிஷியல், மற்றவற்றில் விரித்த பெயர் என்ற வித்தியாசத்தை, புதிதாகச் சேர்பவரின் விவரங்களை நிறுவனத்துக்காகச் சோதிக்கும் சரிபார்ப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஏற்காமல் பிடித்துக்கொள்வது ஆங்கில எழுத்துக் கோர்ப்பில் வரும் மாற்றத்தை: ஒன்றில் ஒரு 'எச்' கூடுதல், இன்னொன்றில் ஒரு 'ஏ' குறைவு. ஆங்கிலக் கோர்ப்புக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே அடிப்படை, மற்றவை அதைப் பார்த்துத்தான் திருத்தப்பட வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. தாலுகா அலுவலக ஆதார் மையத்தில் திரையில் காட்டும்போது எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். அதே நாளில் இன்னொன்றையும் முடியுங்கள்: ஆதாரோடு உங்கள் சொந்த கைபேசி எண்ணை இணையுங்கள். பல வீடுகளில் அப்பாவின் எண்தான் இருக்கும். சென்னையில் ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும், அவர் வயலிலோ கடையிலோ இருக்கும் நேரத்தில் போன் செய்து, அந்தப் பத்து நிமிடத்துக்குள் எண்ணை வாங்குவது பெரும் பாடு.

ஆதார் திருத்தம் பதிவான பிறகு பான். ஆதார் எண்ணை வைத்து வருமான வரித்துறை இணையதளத்தில் மின் பான் இலவசமாகவும் உடனடியாகவும் கிடைக்கும். அட்டையாக வீட்டுக்கு வர வேண்டுமென்றால் விண்ணப்பக் கட்டணம் 107 ரூபாய். ஏற்கெனவே பான் இருந்தால் திருத்தத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக இன்னொன்று வாங்கிவிடாதீர்கள், இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதன்பின் வங்கியில் கே.ஒய்.சி. கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்த கணக்கு இருந்தால், படிப்போடு அந்தத் தொகை நின்றுவிடும். கணக்கை மூட வேண்டாம். மாணவர் கணக்காகத் திறந்ததா, இனி குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டுமா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டையும் ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும். காவல்துறை சரிபார்ப்பு நீங்கள் குடியிருக்கும் முகவரிக்கு வரும். சென்னையில் விடுதிக்குப் போன பிறகு முகவரிச் சான்று கையில் இருக்காது, சொந்த ஊர் முகவரியைக் கொடுத்தால் விசாரணைக்கு வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். பின்னணிச் சரிபார்ப்பின்போது பாஸ்போர்ட் இருந்தால் பல கேள்விகள் வராமலே போகும்.

கல்லூரிச் சான்றிதழ்கள். கடைசி பருவத் தேர்வு முடிவு வந்ததும் புரவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்று), ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், டி.சி., நன்னடத்தைச் சான்று நான்கையும் கேட்டு வாங்குங்கள். நிலுவை இல்லை என்று நூலகம், ஆய்வகம், விடுதி, கணக்குப் பிரிவு எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் நடக்காது, இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை இன்னும் வரவில்லை என்று சொல்லி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தால் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. வாய்ப்பேச்சைவிடத் தேதியிட்ட கடிதத்துக்கு வேகமாகப் பதில் வரும்.

அரியர் ஏதாவது விழுந்திருந்தால் மறைக்கவே மறைக்காதீர்கள். ஆஃபர் லெட்டரில் நிலுவை அரியர் கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பார்த்த பிறகே மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். இரண்டுக்கும் கொடுக்கப்படும் நாட்கள் மிகக் குறைவு என்பதால் முடிவு வந்த அன்றே தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமதிப்பீட்டிலும் தேறாவிட்டால் அடுத்த வாய்ப்பு நவம்பர்–டிசம்பர் தேர்வு. அதை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் நேராகச் சொன்னால் அடுத்த தொகுதிக்குத் தள்ளிவைக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். சேர்ந்த பிறகு தெரிந்தால் அதுவும் இருக்காது.

எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பாக்கள் அன்போடு செய்துவிடுவார்கள். பின்னால் வெளிநாட்டுக்காக முத்திரை குத்த வேண்டி வந்தால் அந்த உறையைப் பிரிக்கும்போது தாள் கிழியும். பிளாஸ்டிக் கோப்புறை போதும். ஒவ்வொன்றையும் தனித்தனி பி.டி.எஃப். ஆக ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் வையுங்கள். தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்தவரென்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே வாங்குங்கள். பள்ளிப்படிப்பே தகுதியாக உள்ள அரசுப்பணிகளில் 20 சதவீத ஒதுக்கீடு அந்தச் சான்றை வைத்துத்தான். பள்ளி மாறிப் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். அதற்கு ஊரில் இருக்கும் நாட்களைவிட நல்ல நேரம் வராது.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இணையத்திலேயே முடித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை என்று யாராவது சொல்வார்கள். அது பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைப்பது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்குப் பொருந்தாது. உங்களுக்கு அது இல்லை, கணக்கில் எடுக்காதீர்கள்.

இனி அன்றாடம். இதை மனதில் கனத்தோடுதான் எழுதுகிறேன். கல்லூரி முடித்த பையன் வீட்டில் இருந்தால் வேலை தேடுகிறான் என்பார்கள். பெண் இருந்தால், அம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள் என்பார்கள். முதல் வாரம் காலை டிபனுக்குச் சட்னி அரைப்பதில் தொடங்கும். ஒரு மாதத்தில் காலை சமையல், துணி, அக்கா குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, ரேஷன் கடை, கேஸ் பதிவு எல்லாம் உங்கள் பெயருக்கு மாறியிருக்கும். வீட்டு வேலையில் பங்கெடுப்பது நியாயம்தான், அம்மாவுக்கும் வயதாகிறது. ஆனால் அளவு தெரியாமல் ஏற்றுக்கொண்டால் நாள் போன இடம் தெரியாது. பங்கு பிரிப்பதை வாரம் ஒன்று முடிவதற்குள் பேசுங்கள், அதுவும் நேரத்தை வைத்துப் பேசுங்கள்: 'காலை எட்டு மணி வரைக்கும் சமையலறையில் நான் இருக்கேன்மா. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என்னைக் கூப்பிடாதீங்க. சாயங்காலம் ஆறுக்கு மேலே மறுபடி நான்.' படிக்கணும் என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. மணிக்கணக்கைச் சொல்லிப் பத்து நாள் அதே நேரத்தில் உட்கார்ந்தால் வீடு தானாகவே அதற்கேற்பப் பழகும்.

அந்த நான்கு மணிநேரத்தில் என்ன செய்வது? ஐ.டி. நிறுவனங்களில் சேர்ந்ததும் சில மாதப் பயிற்சியும் இடையிடையே தேர்வுகளும் இருக்கும், அவற்றில் தேறாதவர்களை அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. ஆகவே வீடியோ பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒரே மொழியைப் பிடியுங்கள், ஜாவாவோ பைத்தானோ. தினம் இரண்டு நிரல் கணக்கை, எதையும் பார்க்காமல், பிழை வந்தால் அந்தப் பிழைச் செய்தியை வாசித்துத் திருத்தி முடியுங்கள். எஸ்.க்யூ.எல்.லில் இரண்டு அட்டவணைகளை இணைப்பது, தொகுத்து எண்ணுவது, ஒரு வினவலுக்குள் இன்னொரு வினவல் எழுதுவது, இந்த மூன்றும் கைவந்தால் பயிற்சிக் காலத்தில் பாதி பயம் போய்விடும். ஒரு சிறு செயலியை, ஊர்க் கடையின் கடன் நோட்டுக்கானதாக இருந்தால்கூடப் போதும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை கட்டிப் பாருங்கள். நான் முதல்வன் தளத்தின் படிப்புகளில் உங்கள் பிரிவுக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் எடுத்து முடியுங்கள். ஐந்தில் பெயர் கொடுத்து எதையும் முடிக்காமல் விடுவதுதான் பொதுவாக நடக்கிறது.

ஆங்கிலப் பேச்சுக்குத் தினம் இருபது நிமிடம் வாய்விட்டு வாசிப்பது, பிறகு வாசித்ததை மூடிவைத்துவிட்டு ஐந்து நிமிடம் சொந்தமாகச் சொல்லிக் கைபேசியில் பதிவது. கேட்டால் கூச்சமாக இருக்கும், ஆனால் எங்கே திக்குகிறோம் என்பது அதில்தான் தெரியும்.

தட்டச்சு வகுப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஊர்ப் பயிலகத்தில் தினம் ஒரு மணிநேரம்தான். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. அரசுத் தேர்வு பிப்ரவரி, ஆகஸ்ட் என்று ஆண்டுக்கு இரண்டு முறை. தமிழ், ஆங்கிலம் இரண்டில் ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையாவதும் கையில் இருந்தால் குரூப் 4 தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கும், பார்க்காமல் அடிக்கும் பழக்கம் நிரல் எழுதவும் உதவும். வீட்டை விட்டுத் தினம் வெளியே போக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு காரணமும் கிடைக்கிறது. அந்த ஒரு மணிநேர நடைக்கும் பேச்சுக்கும் உள்ள மதிப்பு, நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களுக்குத் தெரியும். மதுரைக்குப் போய்வர முடிந்தால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசம்.

இருசக்கர வாகன உரிமமும் இந்த மாதங்களில்தான் எடுக்க முடியும். பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்த 30 நாளுக்குப் பிறகு ஓட்டித் தேர்வுக்குப் போகலாம். கியர் வண்டிக்கான உரிமமாக எடுத்தால் ஸ்கூட்டியும் ஓட்டலாம், திருப்பிச் செய்ய முடியாது.

சேரும் தேதி தள்ளிப்போனால் நாள்தோறும் போன் செய்யாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல், ஆஃபர் எண், கல்லூரி, முடித்த தேதி, சான்றிதழ்கள் தயார் என்ற நான்கு வரி, அவ்வளவுதான். ஆஃபர் லெட்டர் என்பது வேலை உறுதி என்று எண்ணி மற்ற நேர்காணல்களை விட்டுவிடுவதும் தவறு. வீட்டாரிடம் பேசி ஒரு தேதி வையுங்கள்: டிசம்பர் 31க்குள் இது வராவிட்டால் கிடைக்கும் வேறு வேலையில் சேர்வேன் என்று. இந்தத் தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு. பெண் வீட்டில் இருக்கும்போதுதான் அத்தைகளும் சித்திகளும் ஜாதகம் கேட்பார்கள். 'இப்ப வேண்டாம்' என்ற பதில் நிற்காது, ஒவ்வொரு முறையும் புதிதாக வாதாட வைக்கும். 'வேலையில் சேர்ந்து ஓராண்டு முடியட்டும், அப்புறம் பேசலாம்' என்று அப்பாவிடம் ஒருமுறை சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டால், மற்றவர்களுக்கு அவரே பதில் சொல்வார்.

இடையில் பக்கத்து ஊரில் சிறு வேலையில் சேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். உருவாகி, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் பதிவாகும். விலகல் தேதி பதிவாகாமலே சென்னை வேலையில் சேர்ந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்ததாகத் தெரியும், சரிபார்ப்பில் சிக்கும். விலகல் கடிதம் வாங்கி, விலகிய தேதி ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த வேலையைப் படிவத்தில் மறைக்கவும் வேண்டாம்.

வேலைக்குப் பணம் கேட்கும் எவரும் மோசடிக்காரர்தான். கன்சல்டன்சி கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், சீருடைப் பணம் என்று பெயர் மாறும். பின்வாசல் வழி என்று 50,000 கேட்பவரிடம் ரசீது கேளுங்கள், அங்கேயே பேச்சு நின்றுவிடும். மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, அந்த நிறுவனம் மத்திய கம்பெனி விவகாரத் துறைத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைத்து நாளைக் கடத்தாமல் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணிநேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

கல்விக் கடன் இருந்தால் அதன் கடிகாரம் இந்த மாதங்களிலும் ஓடுகிறது. படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் பொதுவாகத் தவணை விலக்கு. வேலை வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஆண்டு தவணை தொடங்கும். அந்த ஓராண்டிலும் வட்டி ஏறும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்தக் கால வட்டியை மத்திய அரசின் மானியத் திட்டம் ஏற்கும். உங்கள் கடன் அதில் வருகிறதா, வருமானச் சான்று சேர்ந்திருக்கிறதா என்று கிளையில் நேரில் கேளுங்கள். மானியம் இல்லையென்றால், 4 லட்சம் கடனுக்கு 10 சதவீதத்தில் மாதம் 3,333 ரூபாய் வட்டி. முடிந்த மாதங்களில் இதைக் கட்டிவந்தால் அசல் வீங்காது. பிறகு பத்தாண்டில் அடைத்தால் தவணை 5,286, ஏழாண்டில் அடைத்தால் சுமார் 6,640. ஏழாண்டுத் தவணையில் மொத்த வட்டி ஏறத்தாழ 76,000 ரூபாய் குறையும்.

இப்போது சம்பளம். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தொகையில் நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, காப்பீடு எல்லாம் சேர்ந்திருக்கும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,800. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், சுமார் 722. காப்பீடு ஒரு 478 என்றால் மொத்தச் சம்பளம் 27,000 ஆகிவிட்டது. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. தொழில் வரி சென்னை மாநகராட்சியில் இந்தச் சம்பளத்துக்கு அரையாண்டுக்கு 1,250, அதாவது மாதத்துக்குச் சுமார் 208. கைக்கு வருவது ஏறத்தாழ 25,000. வருமான வரி இந்த அளவுக்கு இல்லை. செயல்திறன் தொகை என்று ஒரு பங்கைப் பிரித்து ஆண்டு முடிவில் கொடுப்பார்கள் என்றால், மாதக் கைச்சம்பளம் இன்னும் குறையும். ஆஃபரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையை அப்பாவையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாதம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதில் பின்னால் வரும் மனக்கசப்பு பாதி இந்தக் கணக்கைப் போடாததால் வருகிறது.

முதல் சம்பளம் வரும்வரை கையில் வேண்டிய தொகையையும் இப்போதே ஒதுக்கிவையுங்கள். மாதத்தின் பிற்பகுதியில் சேர்ந்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியல் போட்டு முடிந்திருக்கும், பணம் அடுத்த மாத இறுதியில்தான் வரும். 45 நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அட்வான்ஸ் 8,000, இரண்டு மாத வாடகை 16,000, பக்கெட், தலையணை, விரிப்பு, பூட்டு என்று 2,500, பயணம் 2,000, வெளிச் சாப்பாடும் கைச்செலவும் 3,000, உடுப்பும் செருப்பும் 3,000, கைபேசி 350. மொத்தம் 35,000க்குச் சற்றுக் குறைவு. இது இல்லாமல் கிளம்புகிறவர்கள் முதல் மாதமே கைபேசிச் செயலிக் கடனில் விழுகிறார்கள். அதிலிருந்து வெளியே வருவது மிகக் கடினம். நகை அடகு வைத்தாவது ஊரிலிருந்து எடுத்துச் செல்வது அதைவிட நல்லது.

தங்குமிடத்தை அலுவலகக் கட்டடம் எது என்று தெரிந்த பிறகே முடிவு செய்யுங்கள். ஓ.எம்.ஆர். என்று ஒரே பெயரில் சொன்னாலும் தரமணியும் சிறுசேரியும் ஒன்றல்ல, இடையில் காலை நேரத்தில் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். பயிற்சி ஓரிடம், வேலை வேறிடம் என்பதும் நடக்கும். ஆகவே முதலில் மாதக்கணக்கில் தங்கும் விடுதி, மூன்று மாதம் கழித்துத் தோழிகளோடு வீடு. அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்யலாம், இடம் சீக்கிரம் நிரம்பும் என்பதால் தேதி வந்த அன்றே பாருங்கள். தனியார் விடுதியில் மூவர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு பொதுவாக 7,000 முதல் 9,500 வரை கேட்பார்கள்.

படம் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். அம்மாவோ அப்பாவோ கூட வர, ஒரு நாள் நேரில் பாருங்கள், முடிந்தால் மாலை ஏழு மணிக்கு மேல், எல்லோரும் திரும்பியிருக்கும் நேரத்தில். அப்போதுதான் கழிவறைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், இரவு உணவு எப்படி இருக்கிறது, தெருவில் விளக்கு எரிகிறதா என்பது தெரியும். ஒரு கழிவறைக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் காலை ஷிப்ட்டில் தினமும் தாமதம். அந்தப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குழாயில் எந்தத் தண்ணீர், லாரித் தண்ணீர் கோடையில் நின்றால் என்ன செய்வார்கள் என்று அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள், மேலாளரிடம் அல்ல. கதவு அடைக்கும் நேரம் இரவு 9.30 என்றால் பத்தரைக்கு இறக்கிவிடும் அலுவலக கேப்பில் வருபவரை உள்ளே விடுவார்களா என்று கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு பராமரிப்புக்குப் பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற இரண்டும் ரசீதில் இருக்க வேண்டும். இவை எழுதாத ரசீதில்தான் அட்வான்ஸ் திரும்பி வராமல் போகிறது.

தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். விடியற்காலை நாலு மணிக்குப் பெட்டிகளோடு அங்கே இறங்கி ஓ.எம்.ஆர். போக ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதைவிட ரயில் நல்லது. நெல்லை எக்ஸ்பிரஸ், பொதிகை இரண்டும் விருதுநகரிலும் தாம்பரத்திலும் நிற்கும். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கிறது, தேதி வந்த நிமிடமே போட்டுவிடுங்கள். சென்னைக்குள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டீலக்ஸ், ஏ.சி. பேருந்துகளில் காசு உண்டு.

கிளம்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், பல் வலி இருந்தால் ஊரிலேயே முடியுங்கள்.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்டிச் சரிபார்த்துக் கையோடு திரும்ப வாங்குங்கள். வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால், ஏன், எதுவரை என்று எழுத்தில் கேளுங்கள். அசலைப் பிடித்து வைக்கும் இடத்தில், வேறு நல்ல வேலை கிடைத்தாலும் நகர முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற பாண்டில் கையெழுத்து கேட்டால் அன்றே போடாமல் ஒரு இரவு அவகாசம் வாங்கிப் படியுங்கள்: எத்தனை மாதம், எவ்வளவு தொகை, பயிற்சிக்கு உண்மையில் செலவாகிறதா. பாண்ட் எல்லாம் செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நியாயமான காலத்துக்கும் தொகைக்கும் உட்பட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்சம் ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025இல் செல்லும் என்றது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பொருந்தும், நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும். முதல் வாரத்திலேயே அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 181 மகளிர் உதவி எண்ணையும் அதோடு சேமித்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை விடுதி அலமாரியில் வைக்காமல், சரிபார்ப்பு முடிந்ததும் உங்களை விட்டுவிட்டு ஊர் திரும்பும் அப்பாவிடமே கொடுத்து அனுப்புங்கள்.